காந்தம் ஒட்டாத கம்பி

கடலூர்க்காரர்களுக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான் உண்டு. அது துரு. மற்ற ஊர்களில் ஒரு சைக்கிள் வாங்கினால் அது பல வருடம் சைக்கிளாகவே இருக்கும். நான் பிறந்து வளர்ந்த தேவனாம்பட்டினத்தில் அது முதல் வருடம் சைக்கிள், அடுத்த வருடம் பழுப்பு நிறத்தில் ஒரு பொருள், அதற்கடுத்த வருடம் பழைய இரும்புக்காரரின் சொத்து. ஜன்னல் கம்பியைப் பிடித்தால் கை சிவக்கும். அப்பா தன் போட் எஞ்சினுக்குப் பூசும் கிரீஸில் கொஞ்சத்தை மிச்சம்பிடித்து வீட்டுக் கேட்டுக்கும் பூசிவிடுவார். (வருகிற விருந்தாளிகளின் வேட்டியிலும் அதில் கொஞ்சம் போகும்.)

இப்படி ஒரு ஊரில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் சுனாமிக் குடியிருப்பு வீட்டில் வசிக்கும் ஒருவன், எலெக்ட்ரிக் கிதார் வாங்கலாமா? கூடாது. நான் வாங்கினேன்.

அப்போது நான் டிப்ளமோ முடித்துவிட்டு, முதுநகர் தாண்டி ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். என்ன டிப்ளமோ என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் என்னை மதிக்க மாட்டீர்கள். அதே கம்பெனியின் லேபில் இருந்த பெனடிக்ட், மஞ்சக்குப்பத்துக்காரன், சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவன், கல்யாணங்களுக்குப் போகும் ஒரு இன்னிசைக் குழுவையும் வைத்திருந்தான். அவன்தான் எனக்கு கிதார் சொல்லிக்கொடுத்தான். பாண்டிச்சேரியில் ஒரு கடையில் செகண்ட் ஹேண்டாகச் சிவப்பு நிற கிதார் ஒன்றையும் பிடித்துக் கொடுத்தான்.

கடல்காற்று கிதாரை முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டது. கம்பிகள் துருவேறிப் பழுத்தன. வாசித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இரும்பு வாசம் அடித்தது. சுருதி கூட்டும் கீகள், குழாயடிப் பம்பு மாதிரி கிறீச்சிட்டன. கம்பிகள் கீழ்ப்பக்கம் உட்கார்ந்திருக்குமே ஒரு தகடு, பிரிட்ஜ் என்பார்கள், அதன் ஸ்குரூ தலைகள் ஒவ்வொன்றாகப் பொடிந்து விழுந்தன. துணியால் துடைத்தேன், தேங்காய் எண்ணெய் தடவினேன். அப்பா எனக்குத் தெரியாமல் கிரீஸ் கூடப் பூசிப் பார்த்தார்.

கடைசியில் முருகவேல் மாமாவிடம் போனேன்.

முருகவேல் மாமா என் அக்கா வீட்டுக்காரர். நான் வேலை செய்த அதே கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிட்டர். எங்கள் கம்பெனியில் ஆசிட் ஒரு பக்கம், உப்புக் காற்று ஒரு பக்கம் இரும்பைத் தின்றுகொண்டிருக்கும் என்பதால் குழாய் முதல் ஆணி வரை எல்லாமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதாவது எஸ்.எஸ். சரக்கு வந்து இறங்கும்போது அது நல்ல எஸ்.எஸ்.தானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. காந்தத்தை வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டினால் மட்டமான சரக்கு, லாரி திரும்பிப் போகும். ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு. மாமா இதற்காகவே ஒரு சின்ன காந்தத்தைக் கறுப்புக் கயிற்றில் கட்டிச் சட்டைப் பையில் வைத்திருப்பார்.

அது கம்பெனியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சொந்தக்காரர் வீட்டில் காபி கொடுத்தால் டம்ளரில் காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அவருக்கும் அக்காவுக்கும் கல்யாணம் நடந்தபோது, நாங்கள் பரப்பி வைத்திருந்த சீர்ப் பாத்திரங்களை மாப்பிள்ளைக் கோலத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்தவர். ஒரு அண்டாவில் காந்தம் லேசாக ஒட்டியது. அம்மா அதை இன்னும் மன்னிக்கவில்லை.

கிதாரை அவர் முன்னால் வைத்ததும் மாமா காந்தத்தை எடுத்தார். பிரிட்ஜில் வைத்தார், ஒட்டியது. கீயில் வைத்தார், ஒட்டியது. கம்பியில் வைத்தார், ஆறும் ஒட்டின.

"மச்சான், ஒன்ன நல்லா ஏமாத்திட்டானுங்க. எல்லாமே இரும்பு."

அடுத்து, கம்பிகளுக்குக் கீழே நீளமாகக் கறுப்பு நிறத்தில் இருக்கும் பெட்டியின் பக்கம் காந்தத்தைக் கொண்டுபோனார். கம்பியின் அதிர்வை வாங்கி ஆம்ப்ளிபயருக்கு அனுப்புகிற பிக்கப் அது. காந்தம் அவர் கையிலிருந்து துள்ளிப்போய் அதில் டப் என்று உட்கார்ந்தது.

"இதுக்குள்ளேயே காந்தம் இருக்குதுடா!"

"எதுக்கு மாமா?"

மாமா பிக்கப்பை விரலால் தட்டிப் பார்த்தார். "மூடி கழண்டு வுழாம நிக்கணும்ல? அதுக்கு இருக்கும். அலமாரிக் கதவுல வக்கிற மாதிரி."

நானும் தலையாட்டினேன். இந்த இடத்தில் என் டிப்ளமோ எனக்குள் எழுந்து நின்று ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

இதெல்லாம் ஒரு பொழுதுபோக்காகவே போயிருக்கும், நடுவில் வளர்மதி வராமல் இருந்திருந்தால்.

கிள்ளையில் ஒரு சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு. மைக் செட்டுக்காரர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பாட்டு நின்றுவிட்டது. ஆண்கள் எல்லாம் கூடி நின்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். நான் கூட ஆம்ப்ளிபயரைத் தட்டிப் பார்த்து, "உள்ள எரிஞ்சிருக்கும்" என்று தீர்ப்பு சொன்னேன். ஒரு பெண் எங்களை விலக்கிக்கொண்டு வந்தாள். பிளக்கைப் பிடுங்கினாள், பக்கத்துத் துளையில் செருகினாள், பாட்டு வந்தது. யாரையும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வளையல் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் சொல்லிவிட்டேன், கட்டினால் அந்தப் பெண்ணைத்தான் என்று.

அக்கா விசாரித்தாள். பெயர் வளர்மதி. எங்கள் ஆட்கள்தான், பூர்வீகம் கிள்ளை. அப்பா சிதம்பரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியர். இவள் எம்.எஸ்ஸி. பிசிக்ஸ், ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஜாடைமாடையாகக் கேட்டதற்குப் பதில் இரண்டு துண்டுகளாக வந்தது.

வாத்தியார் சொன்னது: "பையன் எல்லாம் சரிதாம்மா. ஆனா கிதார் வாசிப்பானாமே? நாள் பூரா புள்ளைங்க சத்தத்துல இருக்கறவன் நானு. வூட்டுக்கு வர்ற மாப்ளயும் சத்தம் போட்டா நான் எங்க போவேன்?"

வளர்மதி சொன்னது: "வாசிப்பாரா? எப்பிடி வாசிக்கிறாருன்னு கேட்டுட்டு சொல்றேன்."

கேட்டுவிட்டுச் சொல்கிறாளாம்! அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. அப்பாவுக்குக் கேட்கவே கூடாது, மகளுக்குக் கேட்டே ஆக வேண்டும். அடுத்த மாதம் வளர்மதியின் சித்தப்பா மகனுக்குச் சிதம்பரத்தில் ரிசப்ஷன். அதில் பெனடிக்ட் குழுவின் கச்சேரி. அப்பாவும் மகளும் வருவார்கள். பெனடிக்ட் எனக்கு ஒரு பாட்டு ஒதுக்கினான். மெதுவான பழைய பாட்டு, நடுவில் கிதாருக்கென்றே நீளமாக ஒரு துண்டு வரும். மெதுவாக இருப்பதால் அப்பாவுக்கும் தொந்தரவு இல்லை, உருக்கமாக இருப்பதால் மகளுக்கும் பிடிக்கும். இதுதான் கணக்கு.

இந்தப் பழுத்த கிதாரோடு அந்த மேடையில் ஏறுவதா? மாமாவும் நானும் வேலையில் இறங்கினோம்.

முதுநகரில் மாமாவின் நண்பர் ஒருவருக்கு லேத் பட்டறை இருந்தது. பழைய பிரிட்ஜை அளவெடுத்து அதே மாதிரி எஸ்.எஸ். தகட்டில் ஒன்று செய்தார்கள். ஓட்டைகள் இம்மி பிசகாமல் பழைய இடத்திலேயே வந்தன. என்ன, பழையதைவிட மூன்று மடங்கு கனம். தோள்வார் மாட்டும் குமிழ், ஒயர் செருகும் இடத்துத் தகடு, ஸ்குரூக்கள் எல்லாம் எஸ்.எஸ். சுருதிக் கீகளை மட்டும் செய்ய முடியவில்லை என்பதால் பாண்டிச்சேரிக்குப் போனோம். கடைக்காரர் கண்ணாடி மேஜைமேல் பரப்பிய கீகளில் மாமா ஒவ்வொன்றாகக் காந்தத்தை வைத்தார்.

"சார், இது மியூசிக் கடை. காந்தத்த எதுக்கு வைக்கிறீங்க?" என்றார் கடைக்காரர்.

"நல்ல சரக்கா குடுத்தா நான் ஏன் வைக்கப்போறேன்?" என்றார் மாமா.

எல்லாக் கீயும் ஏதாவது ஒரு இடத்தில் ஒட்டியது. குறைவாக ஒட்டியதை வாங்கினோம். மாமாவுக்கு அதில் திருப்தியே இல்லை. வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார்.

ஆனால் மாட்டி முடித்து, பட்டறையில் பாலீஷ் போட்டு எடுத்தபோது நானே அசந்துபோனேன். பிரிட்ஜில் முகம் பார்த்துத் தலை வாரலாம் போல இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், அதுவரை நடந்த எல்லாமே நல்ல வேலை. கிதார் சுருதியில் நின்றது, எதுவும் ஆடவில்லை. அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

மாமாதான் நிறுத்தவில்லை. "எல்லாம் மாத்திட்டு, கம்பி மட்டும் இரும்பா? வெள்ள வேட்டி கட்டிகிட்டு அழுக்குச் சட்ட போட்டுக்குவியா நீ?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வால்வுகளுக்கு ஸ்பிரிங் சுற்றிக் கொடுக்கும் ஒருவரிடம் பல பருமனில் எஸ்.எஸ். கம்பிச் சுருள்கள் இருந்தன. மாமா ஒவ்வொரு சுருளிலும் காந்தம் வைத்துப் பார்த்தார். சிலவற்றில் கொஞ்சம் இழுத்தது. "அரைகுறை சரக்கு" என்று அதையெல்லாம் தள்ளிவிட்டு, துளிகூட ஒட்டாத சுருள்களாகப் பார்த்து ஆறு பருமனில் எடுத்தார். முனையில் குட்டி வாஷரைக் கோத்து பிளையரால் முறுக்கினார். தடித்த கம்பி இரண்டும் குடைக்கம்பி மாதிரி விறைத்துக்கொண்டு நின்றன. ஆனால் ஆறும் வெள்ளி மாதிரி மின்னின.

மாட்டி முடித்த நேரம் கரண்ட் இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும். கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகமாக இருந்த வருடங்கள் அவை. கிதாரை அப்படியே மடியில் வைத்து வாசித்தேன். ஃபேன் ஓடாத அமைதியில் ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்டது. "நல்லாத்தான்டா இருக்குது" என்றாள் அக்கா. அப்பா வந்து ஒரு கம்பியைச் சுண்டிப் பார்த்துவிட்டு, "துருவே புடிக்காதா? அப்ப போட்டுக்கு ரெண்டு சுருள் வாங்கியாங்களேன்" என்றார்.

பெனடிக்ட் வீட்டில் ஒத்திகை வைத்தபோதும் கரண்ட் இல்லை. ஆம்ப்ளிபயர் மூலையில் உட்கார்ந்திருந்தது. கீபோர்டும் ஓடாததால் பெனடிக்ட் கீபோர்டு பகுதியை வாயால் பாடினான். ரிதம் பேட் வாசிப்பவர் தொடையில் தட்டினார். நான் கிதாரை வெறுமனே வாசித்தேன். எல்லோருக்கும் பரம திருப்தி.

ரிசப்ஷன் அன்று மாமாவும் நானும் பஸ்ஸில் கிளம்பினோம். பு.முட்லூரில் டயர் பஞ்சர். மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கச்சேரி பாதி ஓடிவிட்டது. வெளியே ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. சவுண்ட் செக்குக்கெல்லாம் நேரம் இல்லை. பெனடிக்ட் என்னை மேடைக்கு இழுத்து, கையில் ஒயரைக் கொடுத்து, "அடுத்தது ஒன் பாட்டுதான்டா" என்றான்.

கீழே பார்த்தேன். மூன்றாவது வரிசையில் வாத்தியார் உட்கார்ந்திருந்தார், இரண்டு காதிலும் பஞ்சு. பெண்கள் பக்கம் ஊதாப் புடவையில் வளர்மதி. பக்கத்தில் இருப்பவர்களோடு பேசுவதை நிறுத்திவிட்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு தொடங்கியது. முதல் சரணம் முடிந்தது. பாடகர் ஒதுங்கி நின்று என் பக்கம் கையைக் காட்டினார். நான் முன்னால் வந்தேன்.

ஒரு விஷயம் இங்கே விளக்க வேண்டும். மேடையில் நிற்பவனுக்குத் தன் சத்தம் சரியாகக் கேட்காது, ஸ்பீக்கர் எல்லாம் ஜனங்களைப் பார்த்து இருக்கும் என்று பெனடிக்ட் ஏற்கெனவே சொல்லியிருந்தான். அதனால் எனக்கு எதுவும் கேட்காதது என்னை உறுத்தவே இல்லை. கண்ணை மூடினேன். தலையைப் பின்னால் சாய்த்தேன். நீளமான சுரம் ஒன்று வந்தபோது முழங்காலை மடக்கி, முகத்தை வயிற்றுவலிக்காரன் போல வைத்துக்கொண்டு, விரலை ஆட்டினேன். ஒரு கட்டத்தில் என் வாசிப்பில் நானே உருகிக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

நடுவில் கண்ணைத் திறந்தேன். பெனடிக்ட் என்னைப் பார்த்துப் பதற்றமாகக் கையை மேலே மேலே தூக்கினான். 'பிரமாதம், இன்னும் ஏத்து' என்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். இன்னும் வளைந்தேன். மேடைக்கு முன்னால் குழந்தைகள் கூட்டமாக வந்து நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் மறு காதிலிருந்தும் எடுத்தார். ஆஹா, மனிதர் மசிந்துவிட்டார் என்று நினைத்தேன்.

துண்டு முடிந்தது. பாட்டும் முடிந்தது. தலை குனிந்து வணங்கினேன். பந்தியில் யாரோ "சாம்பார் இந்தப் பக்கம்" என்றது தெளிவாகக் கேட்டது. யாரும் கைதட்டவில்லை.

"டேய், வரவே இல்லடா" என்றான் பெனடிக்ட்.

"என்னா வரல?"

"கிதாரு! ஒரு சவுண்டும் வரல. வெறும் பேடு மட்டும் டொக்கு டொக்குன்னு போவுது, நீ பாட்டுக்கு நடுவுல நெளிஞ்சிகிட்டு இருக்குற."

மைக் செட்டுக்காரர் ஓடிவந்தார். "அண்ணே, எல்லாத்தையும் ஃபுல்லா வச்சிட்டேன். உய்ங்குன்னு ஒரு எரைச்சல் மட்டும்தான் வருது." ஒயரை மாற்றினார். வேறு துளையில் செருகினார். தட்டினார், ஊதினார். நான் எல்லாக் குமிழையும் திருகிப் பார்த்தேன். கிதார் வாயைத் திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, குழுவினருக்கு ரோஸ் மில்க் எடுத்துக்கொண்டு வளர்மதி மேடைக்கே வந்துவிட்டாள். தட்டை நீட்டியபடி என்னைப் பார்த்து, "நீங்க வாசிச்சது எனக்குக் கேக்கவே இல்லையே" என்றாள். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"ஒயர்ல ஏதோ..." என்று இழுத்தேன்.

அதற்குள் முருகவேல் மாமா மேடையில் ஏறிவிட்டார். மச்சானின் மானம் போகிறது, அதுவும் பெண் வீட்டார் முன்னால். "ஒயர்ல இருக்கும்மா, மிசின்ல இருக்கும். கிதார்ல மட்டும் எந்தக் கொறையும் கெடையாது. நானே பாத்துப் பாத்துப் பண்ணது. எல்லாம் ஒசத்தி எஸ்.எஸ்." சட்டைப் பையிலிருந்து கறுப்புக் கயிற்றை இழுத்தார். "பாரு, கம்பியில வைக்கிறேன். ஒட்டுதா? துளி ஒட்டுதா?"

வளர்மதி காந்தத்தைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள். ரோஸ் மில்க் தட்டைக் கீபோர்டு மேலேயே வைத்துவிட்டாள். "குடுங்க" என்று காந்தத்தை வாங்கித் தானே ஆறு கம்பியிலும் வைத்தாள். ஒட்டவில்லை. பிக்கப் பக்கம் கொண்டுபோனாள். டப்.

"இதுக்குள்ள எதுக்கு காந்தம் இருக்குதுன்னு நெனச்சீங்க?"

"மூடி நிக்கிறதுக்கு" என்றார் மாமா, கம்பீரமாக.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. "இல்லண்ணா. கம்பி அசையறது அந்தக் காந்தத்துக்குத் தெரியணும். அப்பதான் சத்தம். காந்தமே ஒட்டாத கம்பியப் போட்டா, அதுக்கு மேல கம்பி ஒன்னு இருக்கறதே அதுக்குத் தெரியாது. நைலான் தூண்டி நரம்பு கட்டி வாசிச்ச மாதிரிதான்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க என்னா படிச்சிருக்கீங்க?"

இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும்.

"டிப்ளமோ... எலக்ட்ரானிக்ஸ்."

பெனடிக்ட் கீபோர்டுக்குப் பின்னால் குனிந்து எதையோ தேட ஆரம்பித்தான். நான் ஒரு டம்ளர் ரோஸ் மில்க் எடுத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. மாமா பேச்சை மாற்றுவதற்காகத் தன் காந்தத்தைத் திரும்ப வாங்கி, ரோஸ் மில்க் தட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, "தட்டு இரும்பும்மா" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன். அழுகை வந்தது என்று சொல்வதில் எனக்கு இப்போது வெட்கமில்லை. பிளக்கை மாற்றிச் செருகிய பெண்ணிடம் போய், ஊர் கூடியிருக்கும் மண்டபத்தில், நான் படித்த படிப்பிலேயே மாட்டிக்கொண்டேனே! மாமா மட்டும் ஆலப்பாக்கம் தாண்டியதும் மெல்ல, "எப்பிடியிருந்தாலும் சரக்கு நல்ல சரக்குதான் மச்சான்" என்றார்.

மறுநாள் வேலையிலிருந்து வந்தால் அக்கா வாசலிலேயே நின்றாள். சிரித்தபடி இருந்தாள்.

"வாத்தியார் போன் பண்ணாரு. சம்மதமாம்!"

"சம்மதமா? யாரு சொன்னது?"

"அவரேதான். கிதார்னதும் பயந்துட்டாராம். காதுல பஞ்செல்லாம் வச்சிகிட்டு வந்தாராம். 'பையன் என்னா அடக்கமா வாசிக்கிறான்! அவ்ளோ நேரம் வாசிச்சான், பக்கத்துல இருக்கறவுங்களுக்கு ஒரு தொந்தரவு இல்ல. இந்த மாதிரி வாசிக்கிறதா இருந்தா வூட்ல எவ்ளோ நேரம் வேணா வாசிக்கட்டும்'ங்கறாரு."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். "அந்தப் பொண்ணு?"

அக்காவின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "அது அப்பிடியேதான் நிக்குது. 'நான் இன்னும் கேக்கவே இல்லையே, கேட்டுட்டுத்தான் சொல்லுவேன்'னு சொல்லிடுச்சி. முறைப்படி பொண்ணு பாக்க வரும்போது கிதாரயும் எடுத்தாரணுமாம். மூணு மணிக்கு வரச் சொல்லியிருக்குது."

யோசித்துப் பாருங்கள். சத்தம் வந்தால் அப்பா போய்விடுவார், வராவிட்டால் மகள் போய்விடுவாள். பெண் பார்க்கப் போகிறவர்கள் பெண்ணைப் பாடச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் விஷயத்தில் பரீட்சை எனக்கு. பாண்டிச்சேரிக்குப் போய்த் துருப்பிடிக்கிற கம்பியாகப் பார்த்து வாங்கினேன். வீட்டிலிருந்த பழைய காந்தம் ஒன்றை எடுத்துப்போய், ஒட்டுகிறதா என்று நானே கடையில் வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் கும்பிட்டார். பெனடிக்டின் சின்ன ஆம்ப்ளிபயரையும் இரவல் வாங்கிக்கொண்டேன்.

சிதம்பரத்து வீட்டில் கேசரி, பஜ்ஜி, காபி. (மாமாவை அக்கா முழங்கையால் இடித்ததால் டம்ளர் சோதனை நடக்கவில்லை.) வாத்தியார் நாற்காலியில் சாய்ந்து, கச்சேரி கேட்கும் ரசிகர் மாதிரி கண்ணைப் பாதி மூடி, "வாசிங்க தம்பி, அன்னைக்கி மாதிரியே" என்றார். உள்ளே கதவோரம் வளர்மதி நின்றிருந்தாள். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

நான் ஆம்ப்ளிபயரைப் பிளக்கில் செருகினேன். ஸ்விட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. குமிழை எவ்வளவு திருப்புவது? கொஞ்சமாகவா, நிறையவா? கண்ணை மூடிக்கொண்டு நிறையவே திருப்பினேன். அவள் கேட்கட்டும், என்ன ஆனாலும் ஆகட்டும் என்று கம்பியில் விரலை வைத்தேன்.

கரண்ட் போய்விட்டது.

ஃபேன் கிறுகிறுவென்று சுற்றி நின்றது. தெருவில் எங்கோ ஓடிக்கொண்டிருந்த மாவு மில்லும் நின்றது. "எப்பவும் இந்நேரத்துக்குத்தான்" என்றார் வாத்தியார் விசிறியை எடுத்துக்கொண்டு. "நீங்க வாசிங்க."

வளர்மதி ஒரு ஸ்டூலை எடுத்து வந்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். பெரியவர்கள் எல்லாம் இருக்கும்போதே. நான் வாசித்தேன். அந்த அமைதியில், அந்தச் சின்ன சத்தம், அவளுக்கு மட்டும் என்று சொல்லி வைத்த மாதிரி போயிற்று. அவள் தலையைக் குனிந்து, கிதார் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டாள். வாத்தியார் விசிறிக்கொண்டே, "அதே அடக்கம்" என்றார்.

முடித்ததும் அவள் தாழ்ந்த குரலில், "நடுவுல ஒரு எடத்துல தப்பு வுட்டீங்க" என்றாள்.

"ஆமாம்."

"அன்னைக்கும் வுட்டீங்களா?"

"ஆமாம். அதே எடம்."

"நல்லவேள, கேக்கல" என்று எழுந்தாள். உள்ளே போய் அவள் அம்மாவிடம், "சரின்னு சொல்லுங்க" என்றது எனக்கு நன்றாகவே கேட்டது.

கல்யாணம் முடிந்து சில நாள் கழித்து, கரண்ட் போனதே நம் அதிர்ஷ்டம் என்று நான் அவளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "எங்க தெருவுல மூணு மணிக்குக் கரண்ட் போவும்னு எனக்குத் தெரியாதா? எதுக்கு மூணு மணின்னு சொன்னேன்னு நெனச்சீங்க?" மண்டபத்திலேயே முடிவு செய்துவிட்டாளாம். ஊரே பார்க்க, சத்தமே வராத கிதாரைக் கண்ணீரோடு வாசித்தவன் பொய் சொல்லத் தெரியாதவனாகத்தான் இருப்பான் என்று தோன்றியதாம். எலக்ட்ரானிக்ஸை மட்டும் அப்புறம் சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாளாம்.

தலை தீபாவளிக்குச் சிதம்பரம் போனபோது, பண்டிகை என்பதால் கரண்ட் போகவில்லை. நான் மறந்துபோய் ஆம்ப்ளிபயரைப் போட்டு வாசித்துவிட்டேன். வாத்தியார் குளியலறையிலிருந்து தலையில் சீயக்காயோடு ஓடிவந்தார். பாட்டு முடியும்வரை நின்றுகொண்டே கேட்டார். மரியாதையான மனிதர்.

"மாப்ள, அந்த மொதோ கிதார் என்னாச்சி?"

"இதே கிதார்தான் மாமா. கம்பி மட்டும் மாத்திட்டேன்."

"ஏன் மாத்துனீங்க? எவ்ளோ நல்லா இருந்துது!"

அந்த வருடம் தலைப் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்குச் சீர் வந்தது. அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, புதுப் பானை. பானைக்குப் பக்கத்தில், மஞ்சள் கயிறு சுற்றி, குங்குமம் வைத்து, ஆறு சுருள் எஸ்.எஸ். கம்பி. வாத்தியார் முருகவேல் மாமாவிடம் சொல்லி வாங்கியதாம். மாமா எல்லாச் சுருளையும் சோதித்துத்தான் அனுப்பியிருந்தார்.

அந்தக் கம்பிகள் இன்றைக்கும் துருப்பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் அவற்றுக்குத் 'தாத்தா கம்பி' என்று பெயர். கடையில் வாங்கி, மாதாமாதம் பழுத்து, சத்தம் வருகிற கம்பிக்கு 'அம்மா கம்பி' என்று பெயர். சாதாரண நாட்களில் கிதாரில் அம்மா கம்பி இருக்கும். எப்போதாவது மாலையில் நான் கிதாரை மடியில் கிடத்தி, பிளையரை எடுத்து, கம்பியைக் கழற்ற ஆரம்பித்தால் போதும், என் மகள் எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் எழுந்து சமையல்கட்டுக்கு ஓடுவாள்.

"அம்மா! நாளைக்குச் செதம்பரம் தாத்தா வர்றாரு!"